தூக்குவாளிக்குப் போன குதிரைவால்

1

அயர்லாந்தில் எனக்கு என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும், நான் வாயைத் திறப்பதற்குள் என் அக்கா விஜயா, "நகைத் தொழில்" என்று சொல்லிவிடுவாள். பொய் இல்லை. ஆனால் கேட்டவர் உடனே என் கழுத்தையும் விரல்களையும் பார்ப்பார். அங்கே குண்டுமணித் தங்கம்கூட இருக்காது. "குதிரை முடியில நகை செய்யிறேன்" என்று நானே விளக்கினால் அவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். பதினேழு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இதைத்தான் செய்கிறானா என்று கேட்காமல் கேட்கும் இரக்கம். அதற்குப் பிறகு அவர் என் மனைவியின் வேலையை விசாரிப்பார். அவள் செவிலியர். அங்கே பேச்சு பத்திரமாகக் கரை சேரும்.

விஷயம் எளிமையானது. நாங்கள் இருக்கும் கில்டேர் பக்கம் ஆட்களைவிடக் குதிரைகளுக்கு மரியாதை அதிகம். ஒரு குதிரை செத்துப்போனால் வளர்த்தவர்கள் அதன் வாலில் ஒரு கற்றையை வெட்டி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கற்றை என்னிடம் வரும். நான் அதைக் கழுவி, நீளவாரியாகப் பிரித்து, ஈரத்தோடு பின்னி, முனைகளை மூட வெள்ளிக் குப்பி மாட்டிக் காப்பாகவோ மோதிரமாகவோ கொடுப்பேன். நாம் போட்டோவுக்குச் சந்தன மாலை போடுவதில்லையா? அவர்கள் கையில் கட்டிக்கொள்கிறார்கள்.

இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. எங்கள் அப்பா மேலூரில் மாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு, நெற்றிக் குஞ்சம், சலங்கைப் பட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில் உட்கார்ந்து கயிறு பின்ன வேண்டும். அதிலிருந்து தப்பிக்கத்தான் கம்ப்யூட்டர் படித்தேன். கம்ப்யூட்டரிலிருந்து தப்பிக்கத்தான் செவிலியரின் கணவனாக விசா வாங்கினேன். கிடங்கு ஒன்றில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த ஒரு பெண்ணின் குதிரைமுடிக் காப்பு பிரிந்துபோய் அவள் அழுதுகொண்டிருந்தாள். தேநீர் இடைவேளையில் அதை வாங்கி எட்டுப் புரி போட்டுப் பின்னிக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் காளை மாட்டுக்குப் போடுகிற பின்னல். அவள் அதைக் கலை என்றாள். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இன்னும் பெட்டிதான் அடுக்கிக்கொண்டிருப்பேன்.

2

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர் பெயர் டெக்லன். ஆறடி இரண்டு அங்குலம். மழைக்கும் வெயிலுக்கும் அரைக்கால் சட்டைதான். அவர் பேசுவதை நான் நம்மூர்ப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். எழுத்துத் தமிழில் எழுதினால் பாதிரியார் பேசுகிற மாதிரி இருக்கும்.

நான் வந்த புதிதில் தினமும் காலையில் அவர், "எப்படி இருக்க?" என்று கேட்பார். நானும் நின்று பதில் சொல்வேன். முதுகுவலி, குளிர், விசா நீட்டிப்புக்குக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்பது வரை. அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தால் கூடவே நடந்து சொல்வேன். அந்தக் கேள்வி ஒரு வணக்கம் மட்டுமே, அதற்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. சொன்னது என் மகள் யாழினி. அப்போது அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று என் மனைவி சொல்வாள். சரி, பிறகு சொன்னாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாழினிக்கு இப்போது பதினைந்து. டெக்லனைப் போலவே ஆங்கிலம் பேசுகிறாள். என்னைக் கிண்டல் செய்வதற்கு மட்டும் தமிழ் வைத்திருக்கிறாள். அவசரத்துக்கு எடுக்கிற ஸ்டெப்னி மாதிரி. மதுரையில் இருக்கும் மாமாவை, என் அக்கா வீட்டுக்காரரை, வீடியோவில், "நீ சாப்ட்டியா?" என்று கேட்பாள். அரசுப் பேருந்தில் முப்பது வருடம் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். "என்னய வா போங்கிற ஒரே ஆளு இவதான்" என்று சிரிப்பார். சிரிக்கும்போது காது சிவந்திருக்கும்.

போன மாதம் டெக்லன் தபால் இல்லாமல் வந்தார். கையில் ஒரு காகித உறை. உள்ளே செம்பழுப்பில் ஒரு முழத்துக்கு மேல் நீளமான வால் கற்றை, நீல நூலால் கட்டியிருந்தது.

"மோலி" என்றார்.

மோலி அவர் வீட்டுப் பெண் குதிரை. இருபத்தேழு வயது. அவர் மகள் ஈஃபா நடை பழகியதே அதன் காலைப் பிடித்துக்கொண்டுதான். ஈஃபா வேலைக்காகக் கனடா போகிறாள். நாள் குறித்தாயிற்று. அவளுக்கு ஒரு காப்பு, தனக்கு ஒரு காப்பு, இரண்டும் ஒரே வாலில் வேண்டும் என்றார்.

"அவ கிளம்புறதுக்கு முன்னாடி ஆயிடுமா?"

"ஆயிடும்."

"இதுதான் இருக்கு. மிச்சம் குதிரையோட மண்ணுக்குப் போயிடுச்சு."

அன்றே உட்கார்ந்து பின்னியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு மதுரையில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது. போய்விட்டு வந்தால் ஈஃபா கிளம்ப நான்கு நாள்தான் இருக்கும். ஆகவே உறையைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் உட்கார்ந்து பின்ன நேரம் கிடைக்கும் என்று நம்பினேன். கல்யாண வீடு எப்படி இருக்கும் என்பதுகூட மறந்துபோகிற அளவுக்கு நான் வெளிநாட்டுக்காரன் ஆகியிருந்தேன்.

3

மதுரை ஆனையூரில் அக்கா வீடு. திங்கட்கிழமை காலை மோலியின் வாலை ஷாம்பு போட்டு அலசி, மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டேன். வெயில் பிரமாதமாக இருந்தது. கில்டேரில் ஒரு வால் காய மூன்று நாள் ஆகும். இங்கே முக்கால் மணி நேரம். அந்த மகிழ்ச்சியில் மச்சானோடு பந்தல்காரரைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் கம்பி காலி.

அக்கா அடுப்படியில் இருந்தாள். அவள் முன்னால் புதுசாக ஒரு சில்வர் தூக்குவாளி, மூடியோடு பளபளவென்று.

"அக்கா, படிக்கம்பில ஒண்ணு காயப்போட்டிருந்தேனே?"

"முடியா? முடிக்காரர் வந்தாருல்ல, போட்டுட்டேன். மொதல்ல சின்ன வாளிதான் குடுத்தாரு. விடுவனா? பெருசா வாங்குனேன்."

புலம்பெயர்ந்த வாசகர்கள் மறந்திருப்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் சேர்த்து வைப்பார்கள். முடி வாங்குகிறவர் தெருவில் வந்தால் அதைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார்கள். முன்பு சைக்கிளில் வந்து கூவுவார்கள். இப்போது வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரல் கூவுகிறது. அது எனக்குத் தெரியும். தெரியாதது வேறு. ஒரு மாதத்துக்கு முன் என் மனைவி நீள முடியைத் தோள் வரை வெட்டிச் செம்பழுப்பில் சாயம் போட்டிருந்தாள். அக்கா அதை வீடியோவில் பார்த்திருந்தாள். அடுத்த மாதமே தம்பி ஒரு செம்பழுப்பு முடிக் கற்றையோடு வந்து இறங்குகிறான்.

"ஓம் பொண்டாட்டி வெட்டுன முடியத்தான் கொண்டாந்து தொங்க விட்டிருக்கன்னு நெனச்சேன். கல்யாண வீட்டுல வெட்டுன முடி கெடக்கலாமா? நாளப்பின்ன ஒண்ணுன்னா என்னயத்தான் பேசுவாக."

"அது குதிர வால்க்கா."

அக்கா தூக்குவாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா வீட்டுக்குள்ள விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

நான் பதற்றத்தில் எப்படி இருப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் சிரிப்பேன். பிறகு பசிக்கும். அதன் பிறகு சம்பந்தமில்லாத ஒரு காரியத்தை மிகவும் ஒழுங்காகச் செய்வேன். அன்று நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, கல்யாணத்துக்கு வந்த தாம்பூலப் பைகளை நூறு நூறாக அடுக்கினேன். அப்புறம்தான் செருப்பில்லாமல் தெருவில் ஓடினேன். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கேயோ கேட்டது. துரத்திப் போய்ப் பிடித்தால் உப்பு விற்கிறவர். அவரிடமிருந்து வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருந்ததால் இரண்டு பாக்கெட் கல்லுப்பு வாங்கி வந்தேன். அக்கா அதையும் வாங்கி உள்ளே வைத்தாள்.

கில்டேர் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி பணியில் இருந்தாள், யாழினி எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"டெக்லன்கிட்ட சொல்லிடுப்பா."

"எப்படிம்மா சொல்ல?"

"வாயால."

"அவரு மனசு உடைஞ்சிடும்."

"அப்பா, நீ பொய் சொன்னா உன் மூக்கு வேர்க்கும். அவர் தினமும் உன் மூக்கைப் பாக்குறவர்."

4

"குதிர முடிதான மாப்ள?" என்றார் மச்சான். "இதுக்குப் போயி இம்புட்டு மல்லுக்கட்டுற. வண்டில ஏறு."

மச்சானுக்கு மதுரையில் தெரியாத ஆள் கிடையாது. முப்பது வருடம் எல்லோரையும் உள்ளே தள்ளி ஏற்றியவர். திருப்பரங்குன்றத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற செவத்தையா என்பவரிடம் அழைத்துப் போனார். ஒரு புளியமரத்தடியில் குதிரை நின்றிருந்தது. பெயர் ராஜா. உடம்பு முழுக்க வெள்ளை. வால் மட்டும் செம்பழுப்பு.

செவத்தையா டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "சொல்லுங்கண்ணே. என்னைக்குக் கல்யாணம்? எந்த மண்டபம்?"

"குதிர வேணாம். வால் மட்டும் போதும்."

அவர் யோசித்தார். "வால மட்டும் எப்பிடிண்ணே வாடகைக்கு விட?"

மச்சான் இடையில் புகுந்து, "வேண்டுதல்ப்பா. வாலு முடி கொஞ்சம் வேணும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மூக்கு வேர்த்தது. பேசியது மச்சான் என்றாலும்.

"வெள்ளக் குதிரைக்கு வாலு எப்படிச் செவப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"மருதாணிண்ணே. வீடியோல எடுப்பாத் தெரியும்னு போடுறது. வேற கலர்னாலும் சொல்லுங்க, ஏத்திரலாம். போன மாசம் ஒரு மாப்பிள பச்ச கேட்டாரு."

ராஜா என்னைப் பார்த்தது. ஒரு காலை மடக்கி நின்றது. குதிரை முடியில் பிழைக்கிற நான் உயிரோடு இருக்கிற குதிரைக்குப் பின்னால் ஒருபோதும் நிற்பதில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். செவத்தையா தாராளமாக ஒரு கற்றை வெட்டிக் கொடுத்தார். கை நீட்டி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து போனில் மோலி வாலின் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிறம், அதே நீளம். அரிசியும் அரிசியும் போல. டெக்லன் என்ன, மோலியே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்காது. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு சட்டென்று அடங்கியது. அந்த அடங்கல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் ஓர் உறையைக் கொடுத்துவிட்டு நம்பிப் போகிறார்கள். உள்ளே போனதுதான் காப்பாக வெளியே வந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் நிரூபிக்க வழியில்லை. இது இவ்வளவு சுலபம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது.

கற்றையைத் துணியில் சுற்றி வைத்தேன். அன்று மாலை பெண்ணுக்கு நலுங்கு. தாய்மாமன் சந்தனம் பூசப் போய், பெண்ணின் கன்னத்துக்குப் பதில் பக்கத்தில் நின்ற போட்டோகிராபர் கையில் பூசினேன். அவர் நன்றி சொன்னார்.

5

செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு காகிதத்தோடு வந்தாள். தூக்குவாளி வாங்கியது மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது போல. தெருவில் நான்கு வீடு ஏறி இறங்கி, முடிக்காரரின் போன் நம்பரைப் பிடித்துவிட்டாள். அவர் வண்டிப் பெட்டியில் எழுதியிருந்ததை எதிர்வீட்டுப் பெண் படம் எடுத்து வைத்திருந்தாளாம். அழைத்தோம். சேர்ந்த முடியை நேற்றே மேலூரில் முடி பிரிக்கிற கொட்டகையில் போட்டுவிட்டேன் என்றார்.

மச்சான் வண்டியில் மேலூர். அப்பா கடை இருந்த தெரு வழியாகத்தான் போனோம். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். அதிலும் குஞ்சம் தொங்குகிறது.

கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து சிக்கு முடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிக்கை ஊசியால் அவிழ்த்து, ஆணி பதித்த பலகையில் சீவி, நீளம் பார்த்துக் கட்டு கட்டுகிறார்கள். நான் கில்டேரில் தனியாக அறைக்குள் உட்கார்ந்து செய்வதும் இதேதான். அங்கே அதற்கு ஓர் இணையதளம் இருக்கிறது. இங்கே ஒரு மின்விசிறி. அவர்களில் மூத்தவர் பாண்டியம்மா. விவரத்தைச் சொன்னேன்.

"எது, அந்தச் செம்பட்ட முடியா? அது மனுச முடியே இல்லையேண்ணே."

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"வெரல்ல உருட்டுனாத் தெரியாதா? மனுச முடி வளைஞ்சு குடுக்கும். இது கம்பியாட்டம் நிமிந்து நின்னுச்சு. முடிக்காரர் தலையில யாரோ மொளகா அரைச்சிட்டாகன்னு சிரிச்சோம்."

"இப்ப எங்க இருக்கு?"

"கட்டிட்டம்ல."

"எங்க கட்டி வச்சிருக்கீங்க?"

அவர் கையால் சுவரோரம் காட்டினார். கோணிகள் நிறைய முடிக் கட்டுகள். ஒவ்வொரு கட்டின் தலையிலும் செம்பழுப்பில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. ரப்பர் வளையம் வெயிலில் அறுந்துபோகிறது, சணல் வழுக்குகிறது. நல்ல கெட்டியான முடியாக வந்ததால் கட்டு கட்டுவதற்கு அதைப் பயன்படுத்திவிட்டார்கள். மோலி ஐந்தைந்து இழையாக மேலூரில் பரவிக் கிடந்தது.

நான் சிரித்தேன். பிறகு பசித்தது. மச்சான் என் குணம் தெரிந்து வடை வாங்கப் போய்விட்டார்.

"அவுத்துத் தரலாமாம்மா? வேற நூல் நான் வாங்கித் தாரேன்."

"அவுக்குறதுக்கென்ன, அதான எங்க சோலி. யாரு முடிண்ணே இது, இம்புட்டுத் தூரம் தேடி வாரீக?"

"மோலின்னு ஒரு குதிர."

"பொம்பளையா?"

"ஆமா."

"என்ன வயசு?"

"இருபத்தேழு."

"கல்யாணம் ஆச்சா?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "கேட்டுச் சொல்லுண்ணே, எங்கண்ணன் மகன் ஒருத்தன் இருக்கான். அவனும் கொள்ளுதான் திம்பான்."

சிரித்துக்கொண்டேதான் அவிழ்த்தார்கள். நான் கூட உட்கார்ந்து அவிழ்த்தேன். என் விரலைப் பார்த்துவிட்டு பாண்டியம்மா, "இவருக்குப் பழக்கம் இருக்குடீ" என்றார். பதினேழு வருடத்தில் என் தொழிலைப் பற்றி ஊரில் ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அப்போது பார்த்து நான் ஒரு முடிச்சை அறுத்துத் தொலைத்தேன்.

"காலைல ரெண்டு கோணி லாரில ஏறிப் போயிருச்சு. சென்னைக்கு. அதுலயும் இதுதான் கட்டிருக்கும்" என்றார் பாண்டியம்மா. இதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

மாலைக்குள் அவிழ்த்து முடித்தோம். கையில் சேர்ந்தது பாதிக்கும் குறைவு. முடிச்சு விழுந்த இடமெல்லாம் நெளிந்திருந்தது. ஆவி காட்டினால் நிமிரும். அளந்து பார்த்தேன். மெல்லிசாகப் பின்னினால் ஒரு காப்பு. இரண்டாவதுக்கு வழியே இல்லை. வழி துணியில் சுற்றி ஆனையூரில் இருந்தது.

6

மேலூர் பேருந்து நிலையத்தில் டீக்கடைப் பக்கம் நின்று டெக்லனை அழைத்தேன். மச்சான், "இப்ப எதுக்கு மாப்ள அந்தாள வம்பா எழுப்புற? ரெண்டையும் கலந்து பின்னு. குதிரையா வந்து சாச்சி சொல்லப்போகுது?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். மணி அடித்தது. டெக்லனுக்கு அங்கே மதிய நேரம். வேனில் இருந்தார். மழைத் துடைப்பான் சத்தம் கேட்டது.

நேரடியாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் என் மனைவி முடி வெட்டியதிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு கல்யாண வீட்டில் ஏன் வெட்டிய முடி ஆகாது, தூக்குவாளி என்றால் என்ன, அதற்கு மூடி எப்படி இருக்கும். ஒரு பேருந்து ஹாரன் அடித்து நான் நிறுத்தியபோது அவர் கேட்டார்:

"பொறு. மோலி இப்ப எங்க இருக்கு?"

"கொஞ்சம் என் பையில. மிச்சம் லாரியில."

"லாரியில?"

"சென்னைக்கு. அங்கேருந்து கப்பல்ல போகும். எந்த நாடுன்னு தெரியல."

துடைப்பான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் மூக்கு வேர்க்கவில்லை.

"அந்தக் குதிரைய வண்டியில ஏத்த நாலு ஆள் வேணும்" என்றார் டெக்லன். "பக்கத்து ஊர்ச் சந்தைக்குக்கூட வராது. வாசல்லயே நாலு காலையும் ஊனி நின்னுடும். இருபத்தேழு வருஷமா நம்ம ஊரத் தாண்டல அது." ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று துடைப்பான் சத்தத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "ஈஃபாவுக்கு ஒண்ணு ஆகுமா?"

"ஆகும். மெல்லிசா."

"அது முழுக்க மோலிதானே?"

"முழுக்க மோலி."

"அப்ப சரி."

அங்கேயே நான் போனை வைத்திருக்கலாம். வைக்க முடியவில்லை. "இன்னொண்ணு. என்கிட்ட வேற ஒரு குதிரை முடியும் இருக்கு. அச்சு அசலா அதே நிறம். உங்கள ஏமாத்தத்தான் வாங்கினேன்."

"யாரோட முடி?"

"ராஜான்னு ஒரு குதிரை. மாப்பிள்ளைகளச் சுமக்குற குதிரை. வால்ல மருதாணி."

"உயிரோட இருக்கா?"

"ரொம்ப."

அவர் எங்கேயோ வண்டியை நிறுத்தினார். கதவு திறந்தது, யாரிடமோ "எப்படி இருக்கீங்க" என்றார், பதிலுக்கு நிற்காமல் திரும்பினார்.

"எனக்கு அதுல பண்ணு. வீணாக்காத. ஈஃபாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உன்கிட்ட விட்டா அவ பிளேன் போயிடும்."

போனை வைத்துவிட்டு மச்சானிடம் விவரம் சொன்னேன். அவர் வடையை மடித்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் கூறுகெட்ட ஆளா இருப்பாரு போல" என்றார். பிறகு, "நல்ல மனுசன்" என்றார்.

அன்று அக்கா வீட்டு இட்லிச் சட்டியில் குதிரை முடிக்கு ஆவி காட்டினோம். தட்டில் துணி விரித்து அக்காவே வைத்து இறக்கினாள். நீளவாரியாகப் பிரித்துக் கொடுத்ததும் அவள்தான். இந்த விஷயம் சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். கல்யாணம் நன்றாக நடந்தது. சட்டியைக் கழுவினார்கள் என்றே நம்புகிறேன்.

7

டப்ளின் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் இருப்பவர்களுக்கு ஒரு வழி, இல்லாதவர்களுக்கு ஒரு வழி. பாதிப் பின்னலில் இரண்டு காப்புகளோடு நான் முதல் வழியில் போனேன். விலங்குப் பொருள் ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"குதிரை முடி."

"எந்த நாட்டுக் குதிரை?"

"ஒன்று உங்கள் நாட்டுக் குதிரை. போய்விட்டுத் திரும்புகிறது. இன்னொன்று இப்போதுதான் முதல் தடவை வருகிறது."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், காப்புகளைப் பார்த்தார், ஒரு படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. இன்னொரு அதிகாரி வந்தார். அவர் வீட்டிலும் குதிரை இருந்திருக்கிறது. கழுவியதா, ஆவியில் வைத்ததா என்று கேட்டார். இட்லிச் சட்டியை எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போகச் சொல்லிவிட்டார்.

ஈஃபா கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவும் மகளும் வந்து காப்புகளை வாங்கிக்கொண்டார்கள். டெக்லன் கதையை எப்படிச் சொல்லியிருந்தாரோ, அவள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். மெல்லிய காப்பை மாட்டிக்கொண்டு மோந்து பார்த்தாள். "மோலி வாசனை இல்ல" என்றாள். ஷாம்பு, ஆவி, மேலூர், எல்லாவற்றுக்கும் நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "பரவால்ல. அது நாத்தமா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் மோந்து பார்த்தாள். டெக்லன் என் வீட்டுக் குழாயில் ஏதோ பழுது இருப்பதுபோல அதையே திருகிக்கொண்டிருந்தார்.

அவள் போன மறுநாள் நல்ல மழை. தபால் நேரத்துக்கு மணி அடித்தது. டெக்லன் நின்றிருந்தார். கையில் எனக்குத் தபால் எதுவும் இல்லை. ராஜாவின் மருதாணி மழையில் கரைந்து மணிக்கட்டிலிருந்து விரல் வரை ஆரஞ்சு நிறத்தில் வழிந்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் தபாலிலும் அன்று கொஞ்சம் திருப்பரங்குன்றம் இருந்திருக்கும்.

உள்ளே வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்றார். ஆனால் போகவில்லை.

"நீ இங்க வந்தப்புறம்" என்று ஆரம்பித்துத் தெருவைப் பார்த்தார். "முதல் தடவை உங்க வீட்டுக்குத் திரும்பிப் போனது எப்ப?"

எனக்குப் பின்னால் படிக்கட்டில் யாழினி, பள்ளிக்குக் கிளம்பிக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் முதல் மதுரைப் பயணம் அவளுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. விமானத்தில் ஜன்னல் இருக்கைக்குச் சண்டை போட்டவள் அவள். நான்கு வயது அப்போது. இங்கே வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. விசா, விடுப்பு, அவள் பிறந்தது, ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சரியாக வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வருஷத்துல" என்றேன்.

"ரெண்டு வருஷம்" என்றார் டெக்லன். மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். "அது ஒண்ணும் அதிகமில்ல."

"இல்ல."

அவர் என் மூக்கைப் பார்க்கவில்லை. வேனை நோக்கி நடந்தார். அரைக்கால் சட்டை நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. வேன் திருப்பம் தாண்டும்வரை வாசலிலேயே நின்றேன். யாழினி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து வந்து, என்னைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, மழை உள்ளே வராமல் கதவைச் சாத்தினாள்.